‘இவ்விடம் சுகம்’ என்று எழுத வேண்டாம், தம்பி

வாசகர் கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. சொந்த ஊர் தேவகோட்டை, வேலை பெங்களூரில். போன அக்டோபரில் நண்பர்கள் நாலு பேராக நேபாளம் போய், எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்கக் கிளம்பினோம். லீவு குறைவாக இருந்ததால் நடுவில் வரும் இரண்டு ஓய்வு நாள்களையும் விட்டுவிட்டோம். டிங்போச்சேக்குப் போன அன்று சாயங்காலமே எனக்குத் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. நால்வரில் நான்தான் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவன். நானே முடியவில்லை என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வழிகாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் இரவு லோபுச்சேயில் வாந்தி. பாத்ரூம் போக எழுந்தவன் குடித்தவன் மாதிரித் தள்ளாடிச் சுவரில் மோதினேன். வழிகாட்டி பார்த்துவிட்டார். அந்த இருட்டிலேயே இரண்டு பேராகத் தாங்கிப் பெரிச்சேக்கு இறக்கினார்கள். அங்கே ஆக்சிஜன், ஊசி. விடிந்ததும் ஹெலிகாப்டரில் காட்மாண்டு, மூன்று நாள் மருத்துவமனை. மூளையில் வீக்கம் என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். என் பாலிசியில் 4,000 மீட்டருக்கு மேல் நடப்பது சேராது என்று காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. வீட்டில் இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அப்பத்தா திருஷ்டி கழித்தார்கள், அப்பச்சி (அப்பா) இன்னும் சரியாகப் பேசவில்லை. என் உடம்பில் ஏதும் கோளாறு இருக்கிறதா? மூளையில் பாதிப்பு மிச்சம் இருக்குமா? அடுத்த வருஷம் கிளிமஞ்சாரோ போக ஆசை, போகலாமா? இன்னொன்று. ஆத்தா கொடுத்துவிட்ட தேன்குழல் பாக்கெட் எல்லாம் மேலே போனதும் பந்து மாதிரி உப்பிவிட்டன. கெட்டுப்போனதைத் தின்றதால்தான் இதெல்லாம் என்று ஒரு நண்பன் சொல்கிறான். உண்மையா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆத்தாவின் தேன்குழல் மேல் பழி வேண்டாம். அது கெடவில்லை. உங்களுக்கு வந்த நோய்க்கு அந்த பாக்கெட்டே நல்ல விளக்கம் என்பதால்தான் முதலில் அதை எடுத்துக்கொண்டேன்.

தேவகோட்டையில் வாய் ஒட்டிய பாக்கெட்டுக்குள் நம் ஊர்க் காற்று இருக்கிறது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து கொஞ்சம்தான் உயரம். நீங்கள் மேலே போகப் போக வெளியே காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்றை அமுக்கிப் பிடிக்க வெளியே ஆள் இல்லாததால் பாக்கெட் உப்புகிறது. அடிவார முகாம் இருக்கும் 5,364 மீட்டரில் அழுத்தம் இங்கே இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம், அது மாறுவதில்லை. ஆனால் அழுத்தம் பாதியானால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் பாதியாகிவிடும். பாக்கெட் உப்பியதைப் பார்த்தபோதே, இதே அழுத்தக் குறைவுதான் உங்கள் நுரையீரலுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தக் குறையை உடம்பு சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. முதலில் மூச்சை வேகமாக்கும். அப்படி வேகமாக விடும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகம் வெளியேறி, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அதைச் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்து கொடுத்தால்தான் மூச்சு இன்னும் வேகமாக ஓட வழி கிடைக்கும். மலையில் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வேலைக்கு நாள்கள் வேண்டும், மணிக்கணக்கில் முடியாது. நீங்கள் அந்த நாள்களைக் கொடுக்கவில்லை.

உங்கள் பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லுக்லாவில் இறங்கி முதல் இரவு பாக்டிங், 2,610 மீட்டர். அடுத்து நாம்சே பஜார், 3,440. அடுத்து டெங்போச்சே, 3,860. அடுத்து டிங்போச்சே, 4,410. அடுத்த இரவு லோபுச்சே, 4,940. நான்கே நாளில் 2,300 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டீர்கள். மலை மருத்துவத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் பெரும்பாலான குழுக்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது இதற்காகத்தான். ஓய்வு நாள் என்று பெயர் இருப்பதால், கால் வலிக்காதவனுக்கு அது தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். அது சிறுநீரகத்துக்கும் மூளைக்குமான நாள்.

சரி, உங்களுக்கு வந்தது என்ன? டிங்போச்சேயில் வந்த தலைவலியும் பசியின்மையும் சாதாரண மலைநோய். 2,500 மீட்டருக்கு மேல் வேகமாகப் போகிற யாருக்கும் வரலாம், மேலே ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானே தணிந்துவிடும். அதோடு மேலே ஏறியதால் லோபுச்சேயில் அது மூளை வீக்கமாக மாறியது. ஆக்சிஜன் குறையும்போது மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும், மண்டை ஓட்டுக்குள் இடம் இல்லை, அழுத்தம் ஏறும். முதலில் கெடுவது நடை. சிறுமூளைதான் நம்மைத் தள்ளாடாமல் நடக்க வைக்கிறது. தள்ளாட்டத்துக்கு அடுத்தது பேச்சுக் குழறல், குழப்பம், மயக்கம். அதற்குப் பிறகு மரணம் சில மணி நேரத்தில்கூட வரலாம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்த இரவில் வழிகாட்டி செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம், தூங்கு’ என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது. அவருடைய எண் உங்களிடம் இருந்தால் ஒரு போன் பண்ணுங்கள்.

ஏன் பெரிச்சே? அது லோபுச்சேயைவிட 500 மீட்டருக்கு மேல் தாழ்வு. இறங்குவதுதான் மருந்து, மற்றதெல்லாம் அதற்குத் துணை. அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் என்ற அமைப்பு, மலையேறும் பருவங்களில் ஒரு சின்ன மருத்துவ மையம் நடத்துகிறது. 1973 முதல் இருக்கும் அமைப்பு. உங்களுக்குப் போட்ட ஊசி பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோனாக இருக்கும். மூளை வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கி, இன்னும் கீழே இறங்குவதற்கு நேரம் வாங்கிக் கொடுக்கிற மருந்து அது. அது ஏறியதும் தெளிவாகிவிட்டது என்று யாரும் மறுபடி மேலே பார்த்து நடக்கக் கூடாது. ஹெலிகாப்டர் ஏன் ராத்திரியே வரவில்லை என்று உங்கள் ஆத்தா கேட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தாக்குகளில் வெளிச்சமும் வானமும் ஒத்துழைத்தால்தான் பறக்க முடியும். அதனால்தான் கால்களை நம்பி இறக்கினார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, உடம்பில் கோளாறா என்பது. இல்லை. இந்த நோய் வருவதற்கும் உடல் பலத்துக்கும் தொடர்பே இல்லை. பழனி பாதயாத்திரையில் உங்கள் காலும் இதயமும் பழகியிருக்கின்றன. குன்றக்குடியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்து, கடைசியில் 693 படி ஏறுகிறவருக்கு மூச்சு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த வழி முழுக்க தாழ்வான நிலம். குறைந்த ஆக்சிஜனை உங்கள் உடம்பு எப்படித் தாங்கும் என்பதற்கு அதில் சோதனையே நடக்கவில்லை. சொல்லப்போனால் திடமான இளைஞர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கால் வலிக்காததால் வேகமாக ஏறிவிடுகிறார்கள். ஐம்பது வயதில் மூச்சு வாங்கி நின்று நின்று போகிறவர் தன்னையறியாமல் பிழைத்துக்கொள்கிறார்.

பாதயாத்திரையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் நடந்திருக்கிறேன். கால் கொப்பளித்துவிட்டால் யாரும் அங்கே ஒளிப்பதில்லை. பந்தலில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டுவோம். யாராவது ஒரு பெரியவர் ஊசியில் நூல் கோத்துக் கொப்பளத்தில் ஓட்டி நீரை வடியவிட்டு, மஞ்சள் பற்றுப் போட்டுவிடுவார். (ஊசி நூல் வைத்தியத்தை டாக்டராக நான் சிபாரிசு செய்ய மாட்டேன், கிருமி தொற்றும்.) அந்தக் கூட்டத்தில் வலியைச் சொல்வது வெட்கமாக இல்லை. அதே ஆள் நேபாளத்தில் நாலு நண்பர்களுக்கு நடுவே தலைவலியை மறைத்தார். தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்த வரி அதுதான். ஓய்வு நாளை விட்டது தப்பு, சரி, அது நிறையப் பேர் செய்கிற தப்பு. ஆனால் டிங்போச்சேயில் அன்று சாயங்காலம் ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த வழிகாட்டி அங்கேயே நிறுத்தியிருப்பார். ஒரு நாள் தாமதத்தோடு போயிருக்கும்.

மலையில் வருகிற தலைவலி, வாந்தி, அசதி எதுவானாலும், வேறு காரணம் உறுதியாகத் தெரிகிற வரைக்கும் அதை மலைநோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வெயில், தூக்கமின்மை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வோம். உங்கள் நண்பன் தேன்குழலைக் கண்டுபிடித்த மாதிரி. அறிகுறி இருக்கும்போது ஏறக் கூடாது, கூடிக்கொண்டே போனால் உடனே இறங்க வேண்டும், இறங்குகிறவரைத் தனியாக அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி விஷயம் சுமை தூக்கி வருகிறவர்களுக்கும் பொருந்தும். அவர்களில் பலர் தாழ்வான கிராமங்களிலிருந்து வந்தவர்கள், நம்மைப் போலவே நோய்வாய்ப்படுகிறவர்கள். தலைவலி என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று மறைக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது அவர்களிடமும் விசாரியுங்கள்.

தள்ளாட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பட்டாசாலைத் தரையில் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) பதித்திருக்கும் இல்லையா? கல்லும் கல்லும் சேருகிற நேர்கோட்டின் மேல், ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் கட்டைவிரலோடு தொட்டுத் தொட்டு வைத்துப் பத்துக் கல் தூரம் நடந்து பாருங்கள். கையை விரித்துச் சமாளிக்காமல், கோட்டை விட்டு விலகாமல் நடக்க முடிய வேண்டும். என் அறையிலும் அதே கல்தான், மயக்கம் என்று வருகிறவர்களை நான் அதில்தான் நடக்க வைக்கிறேன். மலையில் தரையில் ஒரு கோடு கிழித்துக்கொண்டால் போதும். தினமும் சாயங்காலம் குழுவில் எல்லோரும் இதைச் செய்யட்டும். ஒருவர் கோட்டை விட்டு விலகினால் அன்று இரவே கீழே. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அந்த உயரத்தில் நன்றாக இருக்கிறவருக்கே எண்பது சொச்சம்தான் காட்டும், நோயாளிக்கும் சில நேரம் அதே எண் வரும். நடை பொய் சொல்லாது.

நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இன்னொரு வகை, உயரத்தால் வருகிற மரணங்களில் அதுதான் அதிகம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, பிறகு சளியில் நுரையும் ரத்தச் சாயலும் வரும். ஏறிய இரண்டாம் இரவு வாக்கில் பெரும்பாலும் தலைகாட்டும். அதற்கும் சிகிச்சை ஆக்சிஜனும் இறக்கமும்தான்.

இரண்டாவது கேள்வி, மூளையில் மிச்சம். நேரத்துக்கு இறக்கிவிட்டவர்கள் பெரும்பாலும் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். தள்ளாட்டம் சிலருக்கு நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் நீடிப்பது உண்டு. நீங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள், ஆத்தங்குடிக் கல்லில் நேராக நடக்கிறீர்கள், பெயர் மறப்பதோ வார்த்தை தடுமாறுவதோ இல்லை என்றால் கவலைப்பட எதுவும் இல்லை. அதில் ஏதாவது ஒன்று இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், காட்மாண்டு ஸ்கேனையும் கொண்டுபோங்கள். அப்பத்தா கழித்த திருஷ்டி கெடுதல் ஒன்றும் செய்யாது, இருக்கட்டும்.

கிளிமஞ்சாரோ. போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை மூளை வீக்கம் வந்தவர், அடுத்த மலைக்குப் போகும்போது மற்ற மூவரைப் போன்றவர் இல்லை. மறுபடி வரும் வாய்ப்பு அவருக்கு அதிகம். அந்த மலை 5,895 மீட்டர். அங்கே ஒரு சிக்கல், ஒவ்வொரு நாளுக்கும் பூங்காக் கட்டணம் உண்டு, அதனால் ஐந்து நாளில் ஏற்றி இறக்குகிற பயணங்கள் மலிவாகக் கிடைக்கும். மலிவாக இருக்கிறதே என்று அதை எடுத்தால் லோபுச்சே கதை திரும்ப நடக்கும். லெமோஷோ வழியில் எட்டு நாள் எடுத்துக்கொண்டு போகிற பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் பகலில் 4,600 மீட்டர் வரை ஏறிவிட்டு, இரவு 4,000-க்குக் கீழே இறங்கித் தூங்குகிற ஒரு நாள் வரும். உடம்பு பழக அது நல்ல ஏற்பாடு. கடைசி இரவுதான் கஷ்டம், ஒரே மூச்சில் 1,200 மீட்டர் ஏற்றம். அங்கே வழிகாட்டிகள் நொடிக்கொரு தரம் ‘போலே போலே’ என்பார்கள். மெதுவாக, மெதுவாக என்று சுவாஹிலியில் அர்த்தம். அவர்கள் சொல்கிற வேகத்தைவிட ஓரடி குறைவாகவே நடங்கள்.

மருந்து: அசெட்டசோலமைடு, டயமாக்ஸ் என்ற பெயரில் தெரிந்திருக்கும். சிறுநீரகம் செய்ய வேண்டிய அந்த வேலையை இது முடுக்கிவிடுகிறது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏற ஆரம்பிப்பதற்கு முதல் நாளிலிருந்து. விரல் நுனி மரத்துப்போன மாதிரி இருக்கும், சோடா வகைகள் சப்பென்று இருக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. ஊரிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள், புதிதாக ஒரு மாத்திரையை மலையில் ஆரம்பிக்க வேண்டாம். இது வலி மாத்திரை மாதிரி நோயை மூடி மறைப்பதில்லை, ஆனால் இது இருக்கிறதே என்று வேகமாக ஏறினால் காப்பாற்றாது. உங்களுக்கு டெக்ஸாமெத்தசோனும் பையில் இருக்க வேண்டும், அது அவசரத்துக்கு மட்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்பது கூட வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தள்ளாடுகிறவருக்குத் தன் மருந்தை எடுக்கிற புத்தி இருக்காது. மேலே இருக்கும்போது மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது, தூக்கத்தில் மூச்சை அவை இன்னும் மந்தமாக்கும். நேபாள விடுதிகளில் பூண்டு சூப் கொடுத்து மலைநோய் வராது என்பார்கள். சூடாக இருக்கும், தண்ணீர்ச் சத்து உள்ளே போகும், தாராளமாகக் குடியுங்கள். அதை நம்பி ஓய்வு நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கிளிமஞ்சாரோ தான்சானியாவில் இருப்பதால் மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும், கொசு மலை மேல் இல்லை, அடிவார ஊர்களில் உண்டு. விமானம் எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் செல்லும், அதனால் கடைசி வாரம் ஓடாதீர்கள்.

காப்பீடு பற்றி டாக்டராக எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். விமான டிக்கெட் எடுக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் போட்டால் சேர்ந்துவிடுகிற பாலிசிகளில் மலை நடை, ஆழ்கடல் முக்குளிப்பு போன்றவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், அல்லது உயர வரம்பு இருக்கும். உங்கள் பாலிசியில் 4,000 என்று அச்சாகியிருந்தால் ஹெலிகாப்டர் செலவு திரும்பி வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். இருந்தாலும் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின் கீழ் என்று கேளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. அடுத்த பயணத்துக்கு, நீங்கள் ஏறப் போகிற உச்ச உயரத்தை எண்ணோடு எழுதி, இது சேருமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் போன அக்டோபரில் வந்ததை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். ஆஸ்துமாவையும் ரத்த அழுத்தத்தையும் எழுதாமல் விட்டு, பிறகு பணம் கிடைக்காமல் என்னிடம் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் உண்டு. இருந்த நோயை இல்லை என்று என்னால் எழுத முடியாது.

ஹெலிகாப்டர் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-ல் நேபாள அரசே விசாரணை வைத்தது. லேசான தலைவலிக்காரர்களைக்கூடப் பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்பீட்டுப் பணத்தில் பங்கு பிரிக்கிற கூட்டம் இருந்தது வெளியே வந்தது. அதனால் சாதாரண மலைநோய்க்கு ஒரு நாள் தங்கிப் பாருங்கள், அல்லது நடந்து இறங்குங்கள், முடிந்தால் மருத்துவர் ஒருவர் முடிவு செய்யட்டும். பாலிசியில் இருக்கிற அவசர எண்ணுக்கு முதலில் பேசுங்கள். உங்கள் விஷயம் அப்படி இல்லை. நடை தடுமாறியவருக்கும், உட்கார்ந்த இடத்தில் மூச்சுத் திணறுகிறவருக்கும் பணக் கணக்குப் பார்க்க நேரம் இல்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம், நம் பக்கத்தில் மலையேற்றம் போகிறவர்களைவிட முக்திநாத்துக்கும் கயிலாயத்துக்கும் போகிறவர்கள் அதிகம். போகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். 820 மீட்டரில் இருக்கிற பொக்ராவிலிருந்து வண்டியிலோ விமானத்திலோ ஒரே நாளில் அங்கே கொண்டுபோய்விடுகிறார்கள். கயிலாய வலத்தில் டோல்மா கணவாய் 5,600-ஐத் தாண்டும், எவரெஸ்ட் அடிவார முகாமைவிட உயரம். இது சாகசப் பயணம் இல்லை, சாமி பார்க்கப் போகிறோம் என்பதால் யாரும் மலைநோயைப் பற்றி யோசிப்பதில்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரு ஆச்சி, சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்கள், முக்திநாத்திலிருந்து திரும்பி நேராக என்னிடம் வந்தார்கள். அங்கே மூச்சு வாங்கியிருக்கிறது, தலை சுற்றியிருக்கிறது. ‘சன்னதி வரைக்கும் வந்துவிட்டு முடியவில்லை என்று சொன்னால் சாமி குற்றமாகிவிடாதா’ என்று யாரிடமும் சொல்லவில்லை. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார், ஆச்சி, வழியில் இருக்கும் ஜோம்சோமில் ஒரு நாள் தங்கிவிட்டு அடுத்த நாள் வருகிறேன் என்றால் காத்திருப்பார் என்று சொன்னேன். வீட்டுப் பெரியவர்களை அனுப்புகிறவர்கள் டூர்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தங்க வைக்கிறீர்கள் என்பது. சாப்பாட்டில் வெங்காயம் பூண்டு உண்டா என்பதைப் பிறகு கேட்கலாம்.

கடைசியாக வீட்டு விஷயம். என் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில், மோல்மேனில், ஒரு கடையில் கணக்குப் பார்த்தவர்கள். மூன்று வருஷக் கணக்கில் போனவர்கள் முடித்துத் திரும்பும் வரை கடுதாசிதான் தொடர்பு. அப்பத்தாவுக்கு அவர்கள் எழுதிய கடுதாசிகள் எங்கள் வீட்டு இரட்டைப் பூட்டுப் பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வரி, ‘இவ்விடம் சுகம், அவ்விடம் சுகமறிய ஆவல்.’ அதே பெட்டியில் அவர்களுடைய கைச்செலவுக் கணக்கு நோட்டும் இருந்தது. நான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு லீவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘சுகம்’ என்று எழுதிய அதே மாதத்தில் நோட்டில் நான்கு இடத்தில் ‘கொயினா வாங்கிய வகை’ என்று செலவு எழுதியிருக்கிறது. மலேரியா மருந்து அது. கணக்கில் பொய் எழுத அவர்களுக்குக் கை வரவில்லை, கடுதாசியில் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது மண்ணீரல் வீங்கிய ஆளாக வந்தார்கள். அப்பத்தா கடைசி வரை சொல்லி வருத்தப்பட்டது நோயைப் பற்றி அல்ல. ‘எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் என்ன’ என்பதைத்தான்.

உங்கள் அப்பச்சி பேசாமல் இருப்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மலைக்குப் போனதற்காக அவர்கள் கோபப்படவில்லை என்று நினைக்கிறேன். மகன் காட்மாண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் தான் இங்கே வழக்கம்போலச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம் என்பது அவர்களுக்கு உறுத்துகிறது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து அவர்களால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். நிறைய. பாலிசி எண்ணைத் தேடி எடுத்திருப்பார்கள், பணம் அனுப்பியிருப்பார்கள், உங்களுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அங்கிருந்த டாக்டருக்குப் போனில் சொல்லியிருப்பார்கள். இவ்வளவும் நடுராத்திரி உங்கள் நண்பர்கள் தனியாகச் செய்தார்கள். அடுத்த பயணத்துக்கு முன் பாலிசி, பாஸ்போர்ட் நகல், வழிகாட்டியின் எண், தினசரி தங்கும் ஊர்களின் பட்டியல் ஆகியவற்றை அப்பச்சி கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெங்களூரிலிருந்து அடுத்து ஊருக்கு வரும்போது காட்மாண்டு டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு வாருங்கள். என் அறையில் கல்லின் மேல் ஒரு நடை நடந்து காட்டுங்கள், மருந்துச் சீட்டை எழுதித் தருகிறேன். ஆத்தாவையும் அப்பச்சியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களுக்கும் என்னிடம் கேட்க நாலு கேள்வி இருக்கும்.